கண்ணில்லாத மீனும் வடக்கு ஜன்னலும்

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு மாணிக்கவேல் நல்ல மனிதர்தான். தறியில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் யார் பேச்சும் காதில் ஏறாது. அவர் வீட்டில் உருப்படியான ஜன்னல் ஒன்றுதான், வடக்குப் பார்த்தது. வெயில் விழாமல் வெளிச்சம் மட்டும் வரும். பட்டின் நிறம் பிசகாமல் தெரியும். அதனால் ஜன்னல் தறிக்குச் சொந்தம். எங்கள் நெசவு வீடுகளில் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அவர் மனைவி எல்லம்மாள் பல வருஷம் அந்த ஜன்னலடியில் அவரோடு உட்கார்ந்து கோர்வை போட்டவள். சேலையின் கரையையும் உடலையும் சேர்த்து நெய்கிற வேலை அது, ஒற்றை ஆளால் ஆகாது. சர்க்கரை அவள் கண்ணைக் கொண்டுபோனது. அவள் இடத்துக்குக் கூலிக்கு ஓர் ஆள் வந்தார். அவளுக்கு ஜன்னலே இல்லாத உள்ளறை.

"எனக்கு லேசா வெளிச்சம் தெரியுதுங்க. ஜன்னலாண்ட ஓரமா ஒக்கார வைங்க. உள்ள ராவா பகலான்னே தெரியல, தூக்கமும் வரல" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"கண்ணு போனப்புறம் ஜன்னல் இன்னாத்துக்குமா? எடத்த அடைச்சிக்கினு" என்பார் இவர். கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

தண்ணீர்ச் சத்தமாவது அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ரஷீத் பாயின் வண்ணமீன் கடைக்குப் போனார். அங்கே கண்ணே இல்லாத, வெளிறிப்போன குகை மீன்கள் இருந்தன. இருட்டறைக்கு இதுதான் தோது என்று தொட்டியோடு வாங்கி வந்து அவள் கட்டிலருகே வைத்தார்.

ஒருநாள் தீனி போடப் போனவர் செல்போன் டார்ச்சை அடித்தார். மீன்கள் சட்டென்று கல்லுக்குப் பின்னால் ஒதுங்கின. டார்ச்சைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்; கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தன. மறுபடி அடித்தார், மறுபடி ஒதுங்கின.

நேரே கடைக்குப் போய், "கண்ணில்லாத மீனுன்னு சொல்லி ஏமாத்திட்டியா பாய்?" என்றார்.

ரஷீத் சிரித்தார். "கண்ணு இல்லதாண்ணே. மண்டைக்குள்ள, மூளைக்கு மேலாண்ட சின்னதா ஒரு எடம் இருக்குது. பாக்கறதுக்குத்தான் கண்ணு வேணும். வெளிச்சம் இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சிக்க அது போதும்."

மாணிக்கவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். கூலி ஆளை எழுந்து போகச் சொன்னார். பட்டப்பகலில் அவர் தறி நின்றதை அன்றுதான் தெருவே பார்த்தது. எல்லம்மாளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து, ஜன்னலுக்கு நேரே உட்கார வைத்து, அவள் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்.

"தெரியுதாமா?"

அவள் முகத்தை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். கொஞ்ச நாளாகவே அவள் ஜன்னலைக் கேட்பதை விட்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஜன்னல இன்னும் தொறக்கலீங்களா?" என்று கேட்டாள்.