பெஞ்சில் பேசிய ஃபீஸ்

என் தங்கை ஜெயித்தது மூன்று. அட்டைப்பெட்டி ஆலையின் வெட்டு இயந்திரம் அவளுடைய இடது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோனபோது, "அவள் கவனக்குறைவு" என்று எழுதிவிட்டு ஒதுங்கிய முதலாளியிடம் நஷ்டஈடு வாங்கினாள். வேலையை விட்டு நிறுத்தியவர்களிடமே திரும்பப் போய், உட்கார்ந்து பெட்டி எண்ணும் வேலையைப் பெற்றாள். மூன்றாவதாக, தன் சொந்த வக்கீலையே ஜெயித்தாள். முதல் இரண்டைப் பற்றி எங்கள் தெருவே பேசும். மூன்றாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவளுடைய அக்காவான நான்தான். அதனால் அதை நான் எழுதுகிறேன்.

வக்கீலின் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முன் அறையில் நீளமாக ஒரு பெஞ்ச். மின்விசிறி குமாஸ்தாவின் மேசைக்கு மேல் மட்டும் சுற்றும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வக்கீல். முதல் நாளே ஃபீஸ் எவ்வளவு என்று என் தங்கை கேட்டாள்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா. மொதல்ல கேஸ் ஜெயிக்கட்டும்" என்றார்.

அந்த 'அப்புறம்' இரண்டு வருடம் கழித்து, ஆலை சமாதானத்துக்கு இறங்கி வந்த பிறகுதான் வந்தது. அதுவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் டைப் செலவு, ஜெராக்ஸ் செலவு என்று கொடுத்துக்கொண்டேதான் இருந்தோம். ரசீது கேட்டால் குமாஸ்தா சிரிப்பார்.

"வர்ற தொகையில மூணுல ஒரு பங்கு எனக்கு. செலவு தனி" என்றார் வக்கீல்.

"வெரல் போனது எனக்கு. பங்கு உங்களுக்கா சார்?"

"நான் இல்லேன்னா உனக்கு ஒத்தக் காசு வருமா?"

"வராது. அதுக்குக் கூலி எவ்வளவுன்னுதானே மொத நாளே கேட்டேன்?"

அவர் கேஸ் கட்டை மூடி நாடாவால் இறுக்கிக் கட்டினார். "பிடிக்கலேன்னா வேற வக்கீலப் பாரு. ஆனா நான் சம்மதம்னு கையெழுத்துப் போடாம ஒருத்தனும் உன் கேஸத் தொட மாட்டான். ஆலைக்காரன் எத்தனை நாள் காத்திருப்பான்னு நீயே யோசிச்சுக்கோ."

அது வெறும் மிரட்டல் இல்லை. வேறு இரண்டு வக்கீல்களிடம் போனோம். இருவருமே முதலில் பழைய வக்கீலின் சம்மதத்தைத்தான் கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டால் மிச்சம் கடனை அடைக்கத்தான் சரியாக இருக்கும். அவளுடைய மகளை நர்சிங் படிப்பில் சேர்க்க எதுவும் நிற்காது.

மறுநாள் காலை அவள் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் போனேன்.

"சார் உங்களப் பாக்க மாட்டாரு" என்றார் குமாஸ்தா.

"நாங்களும் அவரப் பாக்க வரல. பெஞ்சு நல்லா இருக்கு, அதான் வந்தோம்."

பக்கத்தில் கால் உடைந்த லாரி டிரைவர் ஒருவர் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். என் தங்கை அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்ககிட்ட ஃபீஸ் எவ்வளவு பேசினாரு?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா."

"ஏன், உங்க வயசையா கேட்டேன்?"

டிரைவர் சிரித்துவிட்டார். "நாலுல ஒண்ணு."

அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்த தையல்கார அம்மா வெடுக்கென்று நிமிர்ந்தார். விபத்தில் கணவரைப் பறிகொடுத்தவர். "நாலுல ஒண்ணா? எனக்குப் பாதின்னாரே! எல்லாருக்கும் அதான் ரேட்டுன்னாரே!"

"எனக்கு மூணுல ஒண்ணு" என்றாள் என் தங்கை. "ஆளப் பாத்து அளக்குறாரு."

அந்த வாரம் முழுவதும் போனோம். பெஞ்சில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவள் அதே கேள்வியைக் கேட்டாள். குமாஸ்தா எங்களை மாடிப்படிக்கு விரட்டினார். அவள் படியில் உட்கார்ந்து, ஏறி வருகிறவர்களைக் கேட்டாள். புதிதாக வந்த இரண்டு பேர் பாதிப் படியிலேயே திரும்பிப் போனார்கள். வெள்ளிக்கிழமை தையல்கார அம்மா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சத்தம் போட்டார். வக்கீல் முகம் சிவக்க மாடிப்படிக்கு வந்தார்.

"இது வக்கீல் ஆபீஸா, சந்தைக்கடையா?"

"சந்தையில தராசாவது கண்ணுக்குத் தெரியும் சார்" என்றாள் என் தங்கை.

"உன்னப் போலீஸ்ல பிடிச்சுக் குடுப்பேன்!"

"குடுங்க. எதுக்குன்னு கேட்டா அங்கயும் ஃபீஸப் பத்தித்தான் சொல்லுவேன்."

கீழே மருந்துக்கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வக்கீல் பல்லைக் கடித்தார். "எவ்வளவுதான் குடுப்ப? சொல்லித் தொலை."

அவள் பத்தில் ஒரு பங்கு என்றாள். செலவெல்லாம் அதற்குள்ளே அடங்க வேண்டும், இனி வாய்தாவுக்கு எதுவும் கிடையாது, எல்லாம் எழுத்தில் வேண்டும் என்றாள்.

"படிக்கத் தெரியாதவளுக்கு எழுத்து எதுக்கு?"

"எங்க அக்கா படிப்பா."

குமாஸ்தா முனகிக்கொண்டே டைப் அடித்தார். நான் அதை இரண்டு முறை உரக்கப் படித்தேன். முதல் முறை 'செலவு தனி' என்று ஒரு வரி இருந்தது. "அதை எடுங்க" என்றாள் என் தங்கை. திரும்ப அடிக்க வைத்தாள். வக்கீல் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை எங்கள் பக்கம் தூக்கி எறிந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"ரேகைய வச்சுட்டுக் கெளம்பு" என்று குமாஸ்தா மைப்பெட்டியைத் தள்ளினார். அதுவரை எல்லாக் காகிதத்திலும் அவள் ரேகைதான் வைத்திருந்தாள். ஆனால் அவளுடைய கேஸ் கட்டின் மேலட்டையில் பெரிய எழுத்தில் அவள் பெயர் இருந்தது. இரண்டு வருடமாக ஒவ்வொரு வாய்தாவுக்கும் அதைப் பார்த்துப் பார்த்து, காத்திருந்த நேரமெல்லாம் முழங்காலில் நகத்தால் எழுதிப் பழகியிருந்தாள். பேனாவைக் கேட்டு வாங்கினாள். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அவருக்காக அவள் அவசரப்படவில்லை. கடைசி எழுத்து கோட்டுக்கு மேலே கொஞ்சம் ஏறிவிட்டது. எண்கள் அவளுக்கு முன்பே தெரியும். தேதியையும் அவளே போட்டாள்: 11.3.1994.