அடித்தவளும் பிடித்தவளும்

அடி அண்ணாமலையில் மதிவதனியைத் தெரியாதவர் இல்லை. கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் எலுமிச்சை ஜூஸ் விற்கும் சந்திரம்மாளின் மகள். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் வரவேற்பு மேசை வேலை. அது போக, அவ்வப்போது கூண்டுச் சண்டைப் போட்டிக்குப் போய் உதை வாங்கி வருவாள். மூன்றாவதைத்தான் ஊர் முதலில் சொல்லும்.

பள்ளிக்கூடத்தில் ஜூடோ கற்றவள். ஆள் கையில் சிக்கினால் உடும்புப் பிடி. கீழே சாய்த்துக் கழுத்தை இறுக்கினால், எதிராளி தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். குத்தவோ உதைக்கவோ அவளுக்கு வராது. அதனால் பாதகமில்லை. குத்துகிறவர்களும் பிடிக்கிறவர்களும் மோதிக்கொள்வதற்கென்றே உள்ள விளையாட்டு அது. சிக்கல் என்னவென்றால், பிடிப்பதற்குப் பக்கத்தில் போக வேண்டும். மூன்று முறை போனாள். மூன்று முறையும் எதிராளியின் வலக்கைக் குத்தில் விழுந்தாள்.

பயிற்சியாளர் கோதண்டராமன் பழைய பாக்சர். கட்டிப் புரளுவதெல்லாம் ஒரு சண்டையா என்று கேட்கிறவர். இருந்தாலும் அவள் தோற்ற மூன்று சண்டைகளின் வீடியோக்களையும் பொறுமையாகப் பார்த்தார். எதிராளியைச் சுற்றும்போது மதிவதனி ஒரே பக்கமாகத்தான் நகர்ந்தாள். அந்தப் பக்கம்தான் எதிராளியின் வலக்கை காத்திருந்தது. நடக்கப் பழகிய நாளிலிருந்து மலையை வலம் வந்த கால்கள். நடுவில் எது நின்றாலும் வலம்தான் வரும்.

“நீ எங்கம்மா சண்டை போடற, கிரிவலம் போய்னு இருக்க” என்றார்.

அடுத்ததிலும் தோற்றால் இனிப் போட்டிக்குப் பெயர் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். அதை அவர் கோபப்படாமல் சொன்னார். அந்தக் கூண்டைத் தவிர அவள் ஆசைப்பட்டது இந்த உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

ஒரு மாதம் வீட்டு வாசலில் லாரி டயரை வைத்து மாற்றிச் சுற்றிப் பழகினாள். அப்பிரதட்சணமாகச் சுற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று சந்திரம்மாள் டயரை இரண்டு தடவை ஒளித்து வைத்தாள்.

போட்டி வேலூரில். சந்திரம்மாளும் முதன்முறையாகக் கூட வந்தாள். எதிராளி ஓவியா, கிக்பாக்சிங் பெண். மணி அடித்ததும் மதிவதனியின் கால்கள் தம் பாட்டுக்கு வலம் வரத் தொடங்கின. முதல் குத்து மூக்கில். மாத்திச் சுத்து என்று கோதண்டராமன் கத்தினார். மாற்றினாள், கால் பின்னிக்கொண்டது. அடுத்தது புருவத்தில்.

இனிச் சுற்றுவதில்லை என்று முடிவு செய்தாள். தலையைக் குனிந்து நேராக நடந்தாள். வழியில் இரண்டு குத்து நெற்றியில் இறங்கியது. வாங்கிக்கொண்டே போய் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். பிடித்த பிறகு ஓவியாவின் கைகளுக்கு வேலை இல்லை. அடுத்த நிமிடம் அந்தப் பெண் தரையைத் தட்டினாள்.

கோதண்டராமன் பாராட்டவில்லை. அடுத்த போட்டிக்கான படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார்.

புருவத்தில் மூன்று தையலோடும் வீங்கிய மூக்கோடும் பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்பிய ஓவியாவின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த முகத்தையும் மகள் முகத்தையும் சந்திரம்மாள் மாறி மாறிப் பார்த்தாள். டிக்கெட் போட வந்த கண்டக்டர் திடுக்கிட்டு, இந்தப் பெண்ணை யார் இப்படி அடித்தது என்று தாயிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

சந்திரம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அடிச்சவ தோத்துட்டாப்பா” என்றாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி.