கீழ் வீட்டு யூதாஸ்

அம்புரோஸுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. தன் கால்களை ஒரு சாமியார் கழுவ வேண்டும்.

ஐம்பத்தாறு வயதில் இப்படியும் ஓர் ஆசையா என்று கேட்காதீர்கள். இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவிய நினைவாக, பெரிய வியாழக்கிழமை மாலைப் பூசையில் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவி, துடைத்து, முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் வெள்ளை அங்கி உண்டு. தோளில் குறுக்காகச் சிவப்புப் பட்டை. பட்டையில் ஜிகினா எழுத்தில் ஓர் அப்போஸ்தலரின் பெயர். ராயபுரத்துக் கோயிலின் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து இருபது வருடமாக அதைப் பார்த்துப் பார்த்து ஏங்கிப்போன நெஞ்சு அம்புரோஸினுடையது.

அதிலும் அவர் கேட்டது இராயப்பர் பட்டை. பைபிளில் பேதுரு என்று வருபவரைத்தான் இங்கே பழைய ஆட்கள் இராயப்பர் என்பார்கள். ராயபுரத்துக்கே அவர் பெயர்தான். ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்தில் பெண் எடுத்து, ராயபுரத்தில் வாடகைக்கு இருப்பவனுக்கு வேறு எந்தப் பட்டை பொருந்தும்?

இந்த வருடம் பன்னிரண்டு பேரில் அவர் பெயரும் வந்துவிட்டது. அன்றைக்கே கால்களைத் தயார் செய்யும் வேலை தொடங்கியது.

வேலை என்றால் சாதாரண வேலையா? திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் இருபத்தெட்டு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய கால்கள். இருபத்தெட்டு வருடமும் இரும்பு முனை வைத்த பூட்சுக்குள் வெந்த கால்கள். மனைவி பிலோமி வாசற்படியில் உட்கார்ந்து, கல்லால் அவர் குதிகாலைத் தேய்த்தாள்.

"இன்னாய்யா இது, காலா? காசிமேட்டுல காயப்போட்ட திருக்கைக் கருவாடு மாதிரி கீது. சாமியார் பாவம்யா. முத்தம் வேற குடுக்கணும்."

"அதுக்குத்தானே உன்னைத் தேய்க்கச் சொல்றேன்?"

"கல்லு தேஞ்சிபோச்சி. காலு அப்படியே கீது."

இன்னொரு பேஜாரும் இருந்தது. அம்புரோஸுக்குக் காலில் பயங்கரக் கூச்சம். சாமியார் கை வைத்ததும் சிரித்துவிட்டால் ஊரே சிரிக்குமே! அதற்காகத் தினமும் பத்து நிமிடம் பிலோமி துடைப்பக்குச்சியால் உள்ளங்காலில் கோடு இழுத்துப் பயிற்சி கொடுத்தாள். முதல் நாள் அவர் உதைத்த உதையில் துவரம்பருப்பு டப்பா கவிழ்ந்தது. இரண்டாம் நாள் பிலோமியே கவிழ்ந்தாள். எதிர்வீட்டு சௌக்கத் அலியின் சேவல் மதில்மேல் நின்று கூவியது. அந்தச் சேவலுக்குக் காலை, மாலை கிடையாது. தோன்றும்போது கூவும்.

இப்போது யூதாஸின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

மாடி வீட்டில் இருப்பவர் பிராங்கிளின். அம்புரோஸின் உயிர்த் தோழராக இருந்தவர். ஒரே யார்டு, ஒரே ஷிப்ட், ஒரே டிபன் கேரியர். பிராங்கிளினின் மகள் ஜானட்டுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்று, குழந்தையைக் கையில் ஏந்தி, புதுச் சட்டையெல்லாம் ஈரமாகிச் சிரித்தவர் அம்புரோஸ். அந்த நட்பில் ஏழு வருடத்துக்கு முன் இடி விழுந்தது.

யார்டில் ஃபோர்க்லிஃப்ட்டின் சீட்டிலேயே அம்புரோஸ் கண் அயர்ந்துவிட்டார் என்று மேலிடத்தில் புகார். விசாரணையில் பிராங்கிளினைக் கேட்டார்கள். "ஆமா சார், தூங்கினாரு" என்று அவர் சொல்லிவிட்டார். அம்புரோஸுக்குப் பதினைந்து நாள் சஸ்பெண்ட். வர வேண்டிய ஷிப்ட் இன்சார்ஜ் பதவி போச்சு. அது போன இடம் எது தெரியுமா? பிராங்கிளினிடமே போனது!

"காட்டிக்குடுத்துட்டான், யூதாஸ்!" என்று அன்று தெருவில் நின்று அம்புரோஸ் கத்தினார். அதற்குப் பிறகு பிராங்கிளினிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடனின் அந்தப் பெயரையே சொன்னார். சொல்லச் சொல்ல அது தெருவுக்கே தொற்றிக்கொண்டது. "யூதாஸ் அண்ணன் வூட்டுல மோட்டார் ரிப்பேர்" என்பார்கள், மனதில் ஒன்றும் இல்லாமல். கொரியர்காரர்கூட டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "யூதாஸ் வூட்டுக்குப் பார்சல்" என்பார். பிராங்கிளின் கீழே வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்.

புதன்கிழமை மாலை கோயில் ஹாலில் ஒத்திகை. பன்னிரண்டு பேரில் பிராங்கிளினும் இருந்தார். பட்டைகளுக்குச் சீட்டுக் குலுக்கல். இளம் சாமியார் நோயல், "யூதாஸ் வேண்டாமே, அவன் இடத்துக்குப் பிறகு வந்த மத்தியாஸ்னு வச்சிக்கலாமே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். உபதேசியார் தேவப்பிரியம் விடவில்லை. நாற்பது வருடமாக இந்தப் பட்டைகளைத் துவைத்து மடித்து வைப்பவர் அவர்.

"கடைசி இராவுணவுல மத்தியாஸ் எங்க சாமி இருந்தாரு? உள்ளது உள்ளபடி இருக்கணும்."

பிராங்கிளின் எடுத்த சீட்டில் இராயப்பர். அம்புரோஸின் வயிறு எரிந்தது. கடைசிச் சீட்டு அவருடையது. பிரித்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். தேவப்பிரியம் அதைப் பிடுங்கி உரக்கப் படித்தார்.

"யூதாஸ் இஸ்காரியோத்து, அம்புரோஸ்!"

ஹாலே அதிர்ந்தது. "மாமு, மேல் வூட்டுக்குப் போவவேண்டிய பார்சல் உனக்கு வந்துடுச்சி!" என்று ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். பிராங்கிளின் மட்டும் சிரிக்கவில்லை.

அம்புரோஸ் சாமியாரைத் தனியே பிடித்தார். "சாமி, எனக்கு வோணாம். நான் வெலகிக்கிறேன்."

"அண்ணே, ஆண்டவர் யூதாஸ் காலையும்தானே கழுவினார்?"

"அவரு கழுவிட்டாரு சாமி, சரி. கழுவிக்கினவன் பேரு இன்னாச்சி?"

பதிலுக்குக் காத்திராமல் அம்புரோஸ் வெளியே வந்தார். மாதா சிலை வைத்த கெபி அருகில் பிராங்கிளின் நின்றுகொண்டிருந்தார். கையில் இராயப்பர் பட்டை.

"இந்தா. நீ இத்தைப் போட்டுக்கோ. அத்தை எனக்குக் குடு."

ஏழு வருடத்தில் இருவருக்கும் இடையே விழுந்த முதல் பேச்சு.

"நெசமாவா?"

"எனக்கு இன்னா, பயக்கம்தானே?" என்றார் பிராங்கிளின்.

அந்தச் சொல்லில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அம்புரோஸ் தாங்கியிருப்பார். நெஞ்சில் முள் போல ஏதோ தைத்தது. ஆனாலும் இருபது வருட ஆசை இருக்கிறதே, அது மானம் கெட்டது. பட்டையை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடியே வந்துவிட்டார்.

கண்ணாடி முன் நின்று பட்டையைத் தோளில் மாட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, மாடியிலிருந்து பிலோமி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிவந்தாள்.

"ஜானட்டு அயுதுகினே கீதுய்யா. மணலி புதுநகர் சம்பந்தம் நின்னுபோச்சாம்."

"ஏன்?"

"குருத்து ஞாயித்துக்கெயம பொண்ணு பாக்க வந்தாங்க. வயி தெரியாம டீக்கடையில 'பிராங்கிளின் வூடு எது'ன்னு கேட்டிருக்காங்க. எவனோ ஒருத்தன், 'யூதாஸ் வூடா, மாடிக்குப் போங்க'ன்னு இளிச்சிக்கினே கை காட்டினானாம். ஊரே யூதாஸ்னு கூப்புடுதே, இந்தாளு யார காட்டிக்குடுத்தாரோன்னு பயந்துட்டாங்க. யோசிச்சி சொல்றோம்னு போனவங்க, இப்ப போனே எடுக்கல."

அம்புரோஸின் கை பட்டையிலேயே நின்றது. சந்தனக்கலர் சட்டை போட்ட ஒருவர். மல்லிப்பூ வைத்த ஓர் அம்மா. கையில் ஸ்வீட் பாக்ஸ். கை காட்டியவன் யார் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

பிலோமி அவர் முகத்தைப் பார்த்தாள். "நீயாய்யா?"

"நான் இல்ல."

"அன்னிக்கு மத்தியானம் நீ டீக்கடைலதானே இருந்த?"

"நான் அந்தப் பக்கம் போவவே இல்ல."

"டீக்கடை ஹுமாயூன் பாயக் கேட்டா சொல்லிடுவாரே?"

"அந்த மனுசன் யாருன்னே எனக்குத் தெரியாதுமே!"

சொல்லி வாயை மூடுவதற்குள், எதிர் மதிலிலிருந்து சௌக்கத் அலியின் சேவல், நெஞ்சு வெடிக்கக் கூவியது.

பிலோமி பட்டையைப் பார்த்தாள். சேவல் இருந்த திசையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"சேவல் கூவறதுக்குள்ள இராயப்பரு ஆண்டவர மூணு தபா தெரியாதுன்னாரு. நீயும் கணக்கா மூணு தபா சொல்லிட்ட. பொருத்தமான பட்டைதான்யா, கயட்டாத."

அம்புரோஸ் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சேவல் யாருடையது? சௌக்கத் அலியுடையது. ஏழு வருடத்துக்கு முன், அம்புரோஸ் கண் அயர்ந்த அந்த நிமிடம், தூக்கி நிறுத்திய சரக்குக்குக் கீழே கயிறு கட்டிக்கொண்டிருந்தவரும் அதே சௌக்கத் அலிதான். வண்டி நகர்ந்தது. பிராங்கிளின் அலறினார். சௌக்கத் துள்ளி விலகினார். அந்தப் பாதிக் கதையை அம்புரோஸ் தெருவில் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் ஒரே ஒரு பெயர்தான். அந்தப் பெயர் இன்று அவர் கையில் ஏந்திய குழந்தையின் வாழ்க்கையில் போய் விழுந்திருக்கிறது. ஐயோ, பாவி மனுஷா!

அன்றிரவு வஞ்சிர மீன் வறுவலை அவர் தொடவில்லை. கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் இது முதல் முறை என்பதால் பிலோமியே பயந்துவிட்டாள்.

வியாழன் மாலை. பூசைக்கு முன் உடை மாற்றும் அறையில் பிராங்கிளின் கடைசி நாற்காலியில், யூதாஸ் பட்டையோடு அமைதியாக உட்கார்ந்திருந்தார். அம்புரோஸ் இராயப்பர் பட்டையோடு நேராகப் போய் நின்றார்.

"எந்திரி. அது என் சீட்டு."

"விடு அம்புரோஸு."

"கயட்டு சொல்றேன்!"

ஒருவர் பட்டையின் ஒரு நுனியையும், மற்றவர் மறு நுனியையும் பிடித்து இழுத்தார்கள். தேவப்பிரியம், "ஐயோ, ஜிகினா, ஜிகினா!" என்று குறுக்கே பாய்ந்தார். உள்ளே வந்த நோயல் சாமியார் திகைத்து நின்றார். "என்ன அண்ணே, யூதாஸ் ஆகுறதுக்கா இவ்வளவு போட்டி?"

அம்புரோஸ் சாமியார் பக்கம் திரும்பினார். "சாமி, அன்னிக்கு நான் தூங்கினது நெசம். கீழ சௌக்கத்து நின்னது நெசம். இவன் சொன்னது நெசம். இவன் என்னைக் காட்டிக்குடுக்கல. இவன் பேர நான்தான் காட்டிக்குடுத்துட்டேன். அந்தப் பட்டைய என்கிட்ட குடுக்கச் சொல்லுங்க."

பத்து அப்போஸ்தலர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். பிராங்கிளின் பிடியை விட்டார். விட்டது எதிர்பாராமல் நடந்ததால் அம்புரோஸ் பின்னால் போய் மெழுகுவர்த்திப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

பூசையில் சாமியார் ஒவ்வொரு காலாகக் கழுவிக்கொண்டு கடைசி நாற்காலிக்கு வந்தார். முட்டி போட்டார். குளிர்ந்த நீர் பட்டது. கை பட்டது. பத்து நாள் துடைப்பக்குச்சிப் பயிற்சி அத்தனையும் பறந்தது. அம்புரோஸ் 'கிக்' என்று சிரித்தார். கால் தானாக உதைத்தது. தண்ணீர்ச் செம்பு உருண்டது, சாமியார் முகமெல்லாம் தண்ணீர். பெண்கள் பக்கத்திலிருந்து "என் ஆண்டவரே!" என்று பிலோமியின் குரல். சிரித்த வாயோடு அம்புரோஸ் அழுதார். குலுங்கிக் குலுங்கி அழுதார். சாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி அந்தக் காலையே பிடித்து, வெடிப்பு நிறைந்த குதிகாலில் முத்தமிட்டார்.

சனிக்கிழமை காலை அம்புரோஸ் பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு மணலி புதுநகருக்கு ஷேர் ஆட்டோ ஏறினார். சந்தனக்கலர் சட்டைக்காரர், மாப்பிள்ளையின் அப்பா, பெயர் ஆண்ட்ரூ. கதவைத் திறந்ததும் அம்புரோஸ் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். சாட்சிக்குப் பட்டையையும் விரித்துக் காட்டினார்.

ஆண்ட்ரூ நிதானமாகக் கேட்டார். "இருங்க. தூங்கினது நீங்க. அதைச் சொன்னது அவரு. பட்டப்பேரு மட்டும் அவருக்கா?"

"நான்தாங்க வெச்சேன்."

"நான் முப்பது வருஷம் பாய்லர் பக்கத்துல வேலை பார்த்தவன் சார். தோஸ்துன்னு பார்க்காம உள்ளதைச் சொல்ற ஒரு ஆளு எங்க ஷிப்ட்ல இருந்திருந்தா, எனக்கு இந்த விரல் இருந்திருக்கும்." இடது கையைக் காட்டினார். அதில் நான்கு விரல்கள்தான் இருந்தன. உள்ளே திரும்பி, "ஏம்மா, ஜானட் வீட்டு நம்பரை எடு" என்றார்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அவர்கள் மறுபடி வந்தார்கள். டீக்கடையில் ஹுமாயூன் பாய், இந்தத் தடவை யாரும் குழம்பிவிடக் கூடாது என்று தெருவுக்கே கேட்கும் குரலில் விளக்கினார்.

"பிராங்கிளின் வூடு மாடி. கீழ தட்டிடாதீங்க, அது யூதாஸ் வூடு!"

வேட்டி மாற்றிக்கொண்டிருந்த அம்புரோஸ் வாசலுக்குப் பாய்ந்தார். பிலோமி கதவை மறித்து நின்றாள். "கேட்டு வாங்கினதுதானே? இப்ப இன்னா கோவம்?"

மாடிக் கைப்பிடியில் எட்டிப்பார்த்து பிராங்கிளின் கத்தினார். "டேய் அம்புரோஸு, சீக்கிரம் ஏறி வா! ஞானத்தகப்பன் இல்லாம எப்பிடிப் பேசறது?"

அம்புரோஸ் படியில் கால் வைத்தார். அதற்குள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கொரியர்காரர் பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இப்ப இங்க யூதாஸ் யாரு?"

மதில்மேல் சௌக்கத் அலியின் சேவல் கழுத்தை நீட்டியது. அம்புரோஸ் அதை ஒரு முறை முறைத்துவிட்டு, அவசரமாகக் கையை நீட்டினார்.

"நான்தான். குடு."