இடப்பக்கக் கூடை

வேர்க்கடலைக் கொள்முதல் நிலையத்தில் சிபோவின் கண்ணுக்கு இணையாக இன்னொரு கண் கிடையாது என்று மேலாளரே சொல்லுவார். காம்பியா ஆற்றின் வடகரையில் எட்டு ஊர்ப் பெண்கள் அங்கே உட்கார்ந்து கடலை பொறுக்கினார்கள். மற்றவர்கள் ஒரு மூட்டை முடிப்பதற்குள் அவள் இரண்டு முடித்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாம் இடப்பக்கக் கூடைக்கு. முத்து முத்தானது வலப்பக்கம். வலப்பக்கக் கடலை கப்பலேறி வெளிதேசம் போகும். அந்தத் தேசத்தில் பறவைக்குப் போடுகிற கடலையைக்கூடச் சோதித்துத்தான் இறக்குவார்களாம்.

இடப்பக்கக் கடலை, பொறுக்கியவர்களுக்கே இனாம். அதிகம் பொறுக்குகிறவளுக்கு அதிகம். அதனால் அவள் ஊரான தாரிகுண்டாவில் மற்ற வீடுகளில் வெறும் கஞ்சி கொதிக்கிற மாதத்திலும் சிபோ வீட்டில் கடலையை அரைத்துச் செய்கிற தொமொதாக் குழம்பு மணக்கும். அவள் புருஷன் கௌசு, அவன் தம்பி தெம்போ, தெம்போவின் மனைவி சோனா, பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூட்டுக் குடும்பம்.

ஆண்கள் ஒரே தட்டைச் சுற்றி உட்காருவார்கள். கௌசு இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவான்.

"லேசா கசக்குதே, அண்ணி" என்பான் தெம்போ.

"கசந்தா இந்தப் பக்கம் தள்ளுடா. கப்பல் கடலை வேணும்னா கப்பல்ல போய்ப் பொறக்கணும்" என்று கௌசு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான்.

முப்பத்தெட்டாவது வயதில் தெம்போவின் வயிறு வீங்கியது. கண் மஞ்சளானது. நகரத்து ஆஸ்பத்திரியில் ஈரல் புற்று என்றார்கள். சொல்லி ஏழாவது வாரம் போய்விட்டான். குறைவாகச் சாப்பிட்டவன் போக, தட்டை இழுத்தவன் கல்லுக்குண்டாக நின்றான்.

ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேரில் ஒருவன் மட்டும் ஏன் போகவேண்டும்? தாயத்து எழுதுகிறவர் யோசித்துப் பார்த்து, அந்த வீட்டில் கூர்மையான கண் ஒன்று இருக்கிறது என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. எந்தக் கண்ணை ஊரே மெச்சியதோ அதைக் கண்டதும் பெண்கள் குழந்தைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். சோனா வேறு அடுப்பு மூட்டினாள். ஐந்து வருஷம் ஒரே முற்றத்தில் ஒருத்தி முகம் பார்க்காமல் இன்னொருத்தி நடமாடினாள்.

அதில் நாலாவது வருஷம் ஹாடி ஜோப் என்ற டாக்டரம்மா ஊர் ஊராகச் சோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டே வந்தார். சிபோ கொடுத்தாள். சோனா கொடுத்தாள். கௌசு மட்டும் ஊசியைப் பார்த்ததும் கழுதையைத் தேடப் போகிறேன் என்று கிளம்பியவன், டாக்டரின் வண்டி போன பிறகுதான் திரும்பினான். கழுதை அன்று முழுக்கக் கொட்டகையில்தான் கட்டிக் கிடந்தது.

ஒரு வருஷம் கழித்து டாக்டரம்மா மறுபடி வந்து மாமரத்தடியில் எல்லாரையும் உட்காரவைத்தார்.

"கடலையில பிடிக்கிற பூஞ்சை ஒரு விஷத்தை விடுது. சமைச்சாலும் அது போகாது. ஈரல்ல போய் உக்காந்துக்கும். சில பேரு ஈரல் அதைச் சீக்கிரமா கூட்டிப் பெருக்கி வெளிய தள்ளிடும். சில பேருக்குப் பொறக்கும்போதே அந்த விளக்குமாறு இருக்காது. கூடவே மஞ்சக்காமாலைக் கிருமியும் உடம்புல இருந்தா ஆபத்து பல மடங்கு."

"அண்ணன் தம்பிக்குள்ளயே வித்தியாசம் வருமா?" என்று சிபோ கேட்டாள்.

"வரும்மா. ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்கதான், ஆனா ஒருத்தனுக்குக் கிடைச்சது இன்னொருத்தனுக்குக் கிடைக்கணும்னு இல்ல."

சிபோவுக்கு ஐந்து வருஷமாக நெஞ்சில் இருந்த பாறை இறங்கியது. காரணம் கண் அல்ல, தன் கண் அல்ல! ஊருக்கு முன்னால் அழுதேவிட்டாள். பின்வரிசையிலிருந்து சோனா எழுந்தாள். ஐந்து வருஷத்தில் அவள் ஓர்ப்படியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அப்ப நீ கண்ணால கொல்லல அக்கா. குழம்பால கொன்னுருக்க."

அந்தக் குழம்பைத் தானும் தின்றோம், தன் பிள்ளைகளும் தின்றார்கள் என்பதைச் சொன்னாலும் பதிலாகாது என்று சிபோவுக்குத் தெரிந்தது.

கௌசுவுக்கோ கொண்டாட்டம். ஒரு சொட்டு ரத்தம் கொடுக்காமலே தனக்குத்தானே சான்றிதழ் எழுதிக்கொண்டான். "எனக்கு ஒண்ணுல்ல, ரெண்டு விளக்குமாறு" என்று தேநீர் காய்ச்சுகிற இடமெல்லாம் மார்தட்டினான்.

மறுநாள் நிலையத்தில் சிபோ இடப்பக்கக் கூடையை வாங்க மாட்டேன் என்றாள். "எரிச்சிடுங்க ஐயா. இது விஷம்."

"எரிக்கவா?" மேலாளர் திகைத்தார். "உங்களுக்குப் பாவம் பாத்துதான குடுக்கிறோம். வேணாம்னா போ, வாங்கறதுக்கு ஆளா இல்ல?"

ஆள் இருந்தது. அவள் பங்குக்கு மூன்று பெண்கள் சண்டை போட்டார்கள். அவர்களும் மாமரத்தடியில் உட்கார்ந்து கேட்டவர்கள்தான். வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே.

அன்றிலிருந்து சிபோ தன் வயல் கடலையை வீட்டுக்காகவே பொறுக்கினாள். கெட்டதைக் குழி வெட்டிப் புதைத்தாள். குழம்பு தண்ணீரானது.

"என்னடி இது, கடலைக்குழம்பா, கடலை குளிச்ச தண்ணியா?" என்றான் கௌசு.

"இருக்கறது இவ்வளவுதாங்க."

"எனக்குத்தான் ரெண்டு இருக்கே!"

"உங்க பிள்ளைங்களுக்கு எத்தனைன்னு தெரியுமா?"

அவன் எழுந்து பக்கத்து வீட்டில் போய்க் கெட்டிக் குழம்பு தின்றான். இன்றைக்கும் தின்கிறான். வயது எழுபத்திரண்டு, பல்தான் போயிற்றே ஒழிய வேறெதுவும் போகவில்லை. டாக்டரம்மா அவனைப் பார்க்கும்போதெல்லாம், "ஐயா, தயவுசெஞ்சு இவரை உதாரணமா யாரும் எடுத்துக்காதீங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

டாக்டரம்மா மாமரத்தடியில் பேசிய அந்த வருஷ அறுவடை முடிந்து ஒரு காலையில், சோனா ஒரு முறம் கடலையைக் கொண்டுவந்து சிபோவின் முன்னால் வைத்தாள். தெம்போவின் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

"எனக்கு எது நல்லது எது கெட்டதுன்னு தெரிய மாட்டேங்குது" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனக்கல."

சிபோ முறத்தை மடியில் இழுத்துக்கொண்டாள். சோனா போகவில்லை. எதிரில் உட்கார்ந்து, அவள் தள்ளுகிற ஒவ்வொரு கடலையையும் எடுத்து, எதனால் தள்ளினாள் என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.