லூர்து போன வழியில் போர்ட் பிளேர் வரை

நடுக்கடலில் காணாமல்போன என் தம்பி லூர்துவை ஏதோ ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்கும் என்று எங்கள் வீட்டில் நம்பினோம். அந்தமானில் ஒரு தீவில், ஊர் பெயர் மறந்து, யாருக்கோ வலை பின்னிக்கொண்டிருப்பான் என்றாள் அம்மா. அதனால் கல்லறைத் திருநாளில் இறந்தோர் பட்டியலுக்கு அவன் பெயரைக் கொடுக்க இரண்டு ஆண்டுகளாக அவள் விடவில்லை. அவன் பணியாளாகச் சேர்ந்துபோன அதே பாய்மரப் படகில் நானும் சேர்ந்தேன் என்றதும், அவனுடைய நீலச் சட்டையைத் துவைத்து மடித்து, நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்துடன் பையில் வைத்துத் தந்தாள்.

"பாத்தா குடு. வூட்ல யாருக்கும் கோவம் இல்லன்னு சொல்லு."

அவள் நம்பியதில் பாதியை நானும் நம்பினேன். அந்தப் பாதி தாங்குமா என்று பார்க்கவே புறப்பட்டேன்.

முதல் நாள், காலை ஆறு மணி. புதுச்சேரி குருசுக்குப்பத்திலிருந்து தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு ஆட்டோவில் நூற்றைம்பது ரூபாய்.

"மூட்டையோட எங்கக்கா?" என்றார் ஓட்டுநர்.

"போர்ட் பிளேருக்கு."

"ஏர்போர்ட்டு அந்தப் பக்கமாச்சே!"

"பாய்மரப் படகுல போறேன்."

"டீசல் வெல அவ்ளோவா ஏறிடுச்சு?" என்று சிரித்தார்.

படகு முப்பத்தெட்டு அடி நீளம். தலைவர் ரெனே, எங்கள் ஊர் மரியாதையில் முசே ரெனே, பிரெஞ்சுக் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற புதுச்சேரிக்காரர். இன்னொருவர் தவளக்குப்பத்து தாமு அண்ணன். மில் மூடிய பிறகு படகு இயந்திரம் பழுதுபார்க்கப் பழகியவர். லூர்து போன பயணத்திலும் இவ்விருவரும் இருந்தார்கள். இத்தகைய பயணங்களில் பணியாளுக்குக் கூலி இல்லை. சாப்பாடும் படுக்கையும் உண்டு. மூன்று மணி நேரத்துக்கு ஒருவராக மேல்தளத்தில் காவல் நிற்க வேண்டும். இத்தனை கடல் மைல் போனேன் என்று எழுதிக் காட்டினால், பின்னால் வெளிநாட்டுப் படகுகளில் வேலை கிடைக்கும். லூர்து அதற்காகத்தான் வந்தான்.

போர்ட் பிளேர் எழுநூற்றறுபது கடல் மைல். ஏறியதும் முசே ரெனே ஒரு மார்புப் பட்டையையும் கொக்கி வைத்த கயிற்றையும் என் கையில் கொடுத்தார்.

"மதாம், கொக்கிய மாட்டாம ஒரு படி மேல ஏறக் கூடாது. இந்த விசயத்துல நான் பொல்லாதவன்."

இரண்டாம் நாள் வாந்தியிலேயே கழிந்தது. "மீனவர் வூட்டுப் பொண்ணு, கடல் ஒத்துக்கல!" என்று கேலி செய்தபடி தாமு அண்ணன் கஞ்சி காய்ச்சித் தந்தார். கருவாட்டைச் சுட்டுத் தொட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். இது லூர்துவுக்கு என்றேன். அதன்பின் அவர் பொட்டலத்தின் பக்கம் திரும்பவில்லை.

நான்காம் நாள், மாலை நான்கு மணி. கிழக்குத் தீர்க்கரேகை எண்பத்தேழரைப் பாகை. முசே ரெனே வரைபடத்தில் பென்சிலால் போட்ட சிறு வட்டம் அங்கே இருந்தது. லூர்து போன பயணத்தில், அந்த இடத்தில், பின்னிரவு மூன்று மணிக்கு அவன் காவலுக்கு ஏறினான். ஆறு மணிக்கு அவனை மாற்ற ஏறியவர் பார்த்தபோது மேல்தளத்தில் அவன் இல்லை. பட்டையும் கயிறும் சுருட்டியபடி ஆணியில் தொங்கின. சுக்கான் தானாகவே இயங்க, படகு ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"கொக்கிய மாட்டுடான்னு எத்தினி வாட்டி சொன்னேன் தெரியுமா?" என்றார் தாமு அண்ணன். "கட்டிக்கினவன் படகோட அடியில போவான்ணே, எங்கப்பன் சொல்லிக் குடுத்ததுன்னுவான்."

மறைந்த எங்கள் அப்பா சொன்னது பொய்யில்லை. எங்கள் படகுகள் கவிழ்பவை. கயிறு சிக்காதவனே மேலே வந்து படகைப் பிடித்துக்கொள்வான். இந்தப் படகோ அடியில் ஈயக் கனம் சுமப்பது. சாய்ந்தாலும் நிமிர்ந்து, விழுந்தவனை விட்டுத் தன் போக்கில் போய்விடும். புறப்படும் முன் லூர்து என்னிடம் போனில், "மாடு மாரி கட்டி வெக்கறாங்கக்கா" என்றான். "நீ என்ன மாடா, அவுத்துப் போடு" என்று சிரித்தேன். இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அங்கே அவர்கள் இருவரிடமும் சொன்னேன்.

பிறகு முசே ரெனே ஒரு தேங்காயைக் கையில் எடுத்தார். அந்தப் பயணத்துக்குப் பிறகு, விழுந்தவரை மீட்கும் பயிற்சியை ஒவ்வொரு பயணத்திலும் நடத்துகிறாராம்.

"தண்ணியில இது ஒரு தல அளவு. நீங்க விரல நீட்டிக்கினே இருங்க. கண்ண எடுக்காதீங்க."

வீசினார். நான் விரலை நீட்டினேன். முப்பது எண்ணுவதற்குள் அலைகளுக்கிடையே அது மறைந்து மறைந்து தெரிந்தது. நாற்பதில் தெரியவில்லை. அவர்கள் பாயை மாற்றிப் படகைத் திருப்பி வருவதற்குப் பதினோரு நிமிடம் ஆனது. மூன்று பேர் பார்த்திருக்க, பட்டப்பகலில் விழுந்த தேங்காய் கிடைக்கவே இல்லை. ஆறு மணி வரை தேடினோம். என் விரல் வெறும் நீரையே சுட்டிக்கொண்டிருந்தது.

"போதும் மதாம். கைய எறக்குங்க," என்றார் முசே ரெனே. அவராகவே என் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினார்.

ஐந்தாம் நாள் கருவாட்டைத் தாமு அண்ணனிடம் கொடுத்தேன். அவர் சுட்டு மூன்று பங்காக வைத்தார்.

ஏழாம் நாள் போர்ட் பிளேர். யாரிடமும் எதையும் விசாரிக்கவில்லை. திரும்பும் விமானம் அதே கடலை இரண்டரை மணி நேரத்தில் தாண்டியது.

வீட்டில் அம்மா பையைப் பிரித்துச் சட்டையைப் பார்த்தாள்.

"கருவாடு?"

"நாங்க சாப்ட்டோம்மா."

சட்டையை உதறி, மறுபடி மடித்து அலமாரியில் வைத்தாள். அந்த ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முன் பங்குக் கோயிலில் நான் அவன் பெயரை எழுதியபோது பக்கத்தில்தான் நின்றாள். தடுக்கவில்லை.

வீட்டில் இப்போது அம்மாவும் நானும் மட்டும் இருக்கிறோம்.