அண்ணன் வைத்த அர்ஃபஜ் செடி

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள், அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். நல்லது நிறையவே உண்டு. ஆனால் நான் ஒரு செடியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணன் பிறந்தது கிள்ளையில். சிதம்பரத்தில் பத்தாவது வரை படித்தார். அப்பா தவறியதும் படிப்பை விட்டு, லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு குவைத்துக்குப் போனார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அந்தச் சம்பளம்தான். பதினெட்டு வருடத்தில் அவர் அண்ணியோடு சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருடம் தேறாது. சுனாமித் தண்ணீர் எங்கள் கொல்லைக்குள் புகுந்தபோதும் அவர் இங்கில்லை. உயிருக்குச் சேதமில்லை, மண்தான் உப்பேறிப் போனது. அண்ணி போட்ட கத்தரியும் பூசணியும் அதன்பின் தலைதூக்கவே இல்லை.

2009-இல் இரண்டு சிறுநீரகமும் பழுதாகி அண்ணன் ஊர் திரும்பினார். பெட்டியில் ஒரு டப்பா நிறையக் காய்ந்த பூக்கள் இருந்தன. அங்கே அர்ஃபஜ் என்பார்களாம். நல்ல மழை பெய்த வருடம் பாலைவனம் முழுக்க மஞ்சளாய்ப் பூக்குமாம். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பார்ப்பேன், உங்க அண்ணி பக்கத்தில் இல்லையே என்றிருக்கும் என்று என்னிடம் சொன்னார். அண்ணியிடம் சொல்லவில்லை. பூத்ததும் காட்டலாம் என்று வைத்திருந்தார்.

அந்தச் செடிக்கு அவர் வைத்த சட்டங்கள் தெருவுக்கே தெரியும். காய்ந்த பூவைக் கசக்கி விதை பிரிக்க வேண்டும். மழை முழுக்க விட்ட பிறகு, தையில்தான் விதைக்க வேண்டும். ஆற்று மணல் மூன்று பங்கு, கடலூரிலிருந்து வரவழைத்த செம்மண் ஒரு பங்கு, அடியில் செங்கல் ஜல்லி, எல்லாம் மேடாகக் குவித்தபடி. எரு கூடாது. முளைக்கும் வரை லேசாகத் தெளிக்கலாம், வேர் பிடித்தபின் பதினைந்து நாளுக்கு ஒரு சொம்பு. கோடையில் இலையெல்லாம் கொட்டிச் சுள்ளியாகிவிடும். செத்துவிட்டதென்று நினைக்கக் கூடாது, தூங்குகிறது, அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது.

முதல் வருடச் செடிகள் ஐப்பசி மழையில் அழுகின. மறு வருடம் மிச்சமிருந்த விதை எல்லாம் போட்டதில் ஒன்றே ஒன்று பிழைத்தது. மழைக்காலம் முழுக்க அதற்குக் கீற்றுக் கொட்டகை போட்டார். செடிக்குக் கல்யாணப் பந்தலா என்று தெருவே கேலி செய்தது, அண்ணனும் சேர்ந்து சிரித்தார். பங்குனியில் பூக்கவில்லை. அடுத்த பங்குனிக்குப் பூக்கும் என்றார். அவருடைய அடுத்த பங்குனியைப் பற்றி டாக்டர் எங்களிடம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

சித்திரையில் பத்து நாள் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அண்ணி பகலில் அங்கே இருந்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புவார். பகலில் வீட்டைப் பார்த்துக்கொண்டது நான். நோயாளி வீட்டு வாசலில் பட்ட செடி நிற்கலாமா என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அண்ணன் சொன்னதெல்லாம் தெரிந்தும், தினம் ஒரு குடம் ஊற்றினேன்.

அண்ணன் வந்திறங்கியதும் நேராகச் செடியிடம் போனார். தண்டைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வேர் கூழாகியிருந்தது.

“யாரு தண்ணி ஊத்துனது?” என்று கேட்டார்.

“அண்ணிதான்” என்று சொல்லிவிட்டேன். பையோடு பின்னால் நின்ற அண்ணி என்னை ஒருமுறை பார்த்தார். மறுக்கவில்லை.

அண்ணன் சத்தம் போடவில்லை. அண்ணியிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். டாக்டர் ஒரு நாளைக்கென்று அளந்து கொடுக்கச் சொன்ன தண்ணீரைக்கூட என் கையால்தான் வாங்கிக் குடித்தார். இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் போவேன். சொல்லாமலே திரும்புவேன். ஆவணியில் அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்ததும், ஏன் மறுக்கவில்லை என்று அண்ணியிடம் கேட்டேன்.

“நீன்னா அவுருக்கு உசுரு. சாவப் போற நேரத்துல அதையும் புடுங்கணுமா? அவுரு பேசாம இருக்குறது எனக்குப் பழக்கந்தான்” என்றார்.

டயாலிசிஸுக்கு அழைத்துப் போன ஆட்டோக்காரத் தம்பிகளுக்கும், ரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், கடைசி வரை தோள்கொடுத்த சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிதான் செடியைக் கெடுத்தார் என்று உங்களில் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தண்ணீர் ஊற்றியது நான்.

அண்ணி, அந்தப் பூவை அண்ணன் உங்களுக்குக் காட்டத்தான் வளர்த்தார். உங்கள்மீது கோபத்தோடுதான் அவர் போனார். அதை இனி என்னால் மாற்ற முடியாது.

— தங்கை