அப்பாவு தேய்த்த படிகாரம்

மலேசியாவில் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை மூடியபின் ஈப்போ நகருக்கு வந்து முடிதிருத்தும் கடை போட்ட அப்பாவு, முப்பத்தைந்து வருடமாக ஊரார் கழுத்தில் சவரக்கத்தி வைப்பவர். ஊசி என்றால் மட்டும் அவருக்குத் தொடை நடுங்கும். அதனால்தான் பிறந்து ஆறு வாரமான பேத்தியை இன்னும் தூக்கவில்லை. தாதியாக வேலை பார்க்கும் மருமகள் தினேஸ்வரி கறாராகச் சொல்லிவிட்டாள்.

“பச்சப்பிள்ளைக்குக் கக்குவான் இருமல் தொத்தக்கூடாது, நீங்க அதுக்கு ஊசி போட்டுக்கிட்டு வாங்க மாமா. அப்புறம் நாள் முழுக்க வச்சிக்கிங்க.”

மனிதர் தொட்டில் பக்கம் போவதும் கையைப் பிசைவதுமாக இருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கத்தியே பிழைப்பான ஆளுக்கு இவ்வளவு பயம் ஆகாது.

சவரத்துக்கு வந்த லியாகத் அலி, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஒரு சேதி சொன்னார்.

“அண்ணே, அந்த ஊசியில அலுமினிய உப்பு இருக்காம்லா. உடம்பை உசுப்பிவிடுமாம். உங்க படிகாரத்துக்குப் பங்காளிதான்!”

போதாதா? சவரக் காயத்துக்குத் தடவும் படிகாரக் கட்டியை எடுத்துத் தன் இடது புஜம் சிவக்கும்வரை தேய்த்தார் அப்பாவு. மேலே ஒரு பிளாஸ்திரி. நேரே வீட்டுக்குப் போனார்.

“போட்டாச்சு. பிள்ளையக் குடும்மா.”

“கை வலிக்குதா மாமா?”

“எனக்கா வலிக்கும்!” என்று கையை ஓங்கி வீசிக் காட்டினார். பிளாஸ்திரி கழன்று விழுந்தது. ஊசி குத்திய தடம் இல்லை, வெள்ளைப் பொடிதான் உதிர்ந்தது.

தினேஸ்வரி சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டாள்.

“அந்த உப்பு தசைக்குள்ள போயி ரகளை பண்ணும் மாமா. பிறந்ததுலேர்ந்தே உடம்புல காவல் நிக்கிற ஜாகாக்காரங்க, என்னமோ ஏதோன்னு ஓடியாருவாங்க. ஊசியில கூட வந்த கிருமித் துண்டைத் தூக்கிட்டுப் போயி உள்ள இருக்கிற பட்டாளத்துக்குக் காட்டுவாங்க. பட்டாளம் அதுக்குன்னே ஆயுதம் செஞ்சு குவிக்கும். அதைத்தான் எதிர்ப்பொருள்னு சொல்றோம். வெறும் படிகாரம் தோலையே தாண்டாது. தாண்டினாலும், திருடனைக் காட்டாம கூச்சல் மட்டும் போட்டா யாரைப் பிடிக்கிறது?”

மறுநாள் அப்பாவு கண்ணை இறுக மூடிக்கொண்டு நிஜ ஊசியே போட்டுக்கொண்டார். சாயங்காலம் கை வீங்கி வலித்தது. மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், “தொட்டுப் பாருலா, ஜாகா வந்துட்டான்!” என்று காட்டினார்.

“பட்டாளம் தயாராக ரெண்டு வாரம் ஆகும் மாமா,” என்றாள் மருமகள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பொறுத்தார்.

பதினைந்தாம் நாள் பேத்தி அவர் கைக்கு வந்தாள். அன்றைக்கு அவளுக்கும் இரண்டு மாத ஊசி. கிளினிக்கில் தாத்தாதான் மடியில் பிடித்துக்கொண்டார். குழந்தை ஒருமுறை வீலென்று கத்திவிட்டு, கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனாள். கார் வரைக்கும் தேம்பிக்கொண்டே வந்தவர் அப்பாவுதான்.